மலையிலிருந்து மன்னாருக்கு

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வேலைக்குப் போகாத நாளொன்று ஒரு ‘பேர்’ குறைந்த நாளாகும். ஆதலின் அங்குள்ள குடும்பமொன்று முதன்முறையாக உல்லாசப் பயணம் புறப்படக் கருதினால், பணத்தோடு நாட்களையும் எண்ணுதல் வேண்டும்.

ஆறு நாட்கள் கிடைப்பதாகக் கொள்வோம். அவற்றுள் மூன்று வழியிலேயே கழியும். எஞ்சியவற்றுள் இரண்டு கொழும்புக்கு உரியன. அங்கே ஓரிடத்தில் மூட்டைகளை வைத்துவிட்டு, ஒரு நாள் 1877இல் திறக்கப்பெற்ற நூதனசாலையையும் காலிமுகத் திடலையும் காணலாம். மறுநாள் நீர்கொழும்புக்குச் சென்று மாலையில் மீளலாம்.

பின்னர் மன்னார்த் தீவு. ஐப்பசி, கார்த்திகையில் அங்கு மழை மிகுதி. தைப்பொங்கலுக்குப் பின் செல்வதே நன்று. படகு வேண்டா, தாம்போதியைக் கடந்து பேருந்தே தீவுக்குச் செல்லும். பள்ளிமுனையில் பழம்பெரும் பெருக்கமரத்தைக் கண்டபின், தலைமன்னார்க் கரைக்குச் செல்லுதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தோர் பலர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டான 2023இல், அவர் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது.

ஊர் திரும்புகையில் மதவாச்சி, மாத்தளை வழியே வருதல் தகும். முன்னோர் பல நாள் நடந்த தொலைவைப் பேருந்து ஒரு பகலில் கடந்துவிடும். அப்போது பாட்டி அக்கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வாளாயின், அந்த ஆறு நாட்களில் குறைந்த பேர் எதுவும் வீணாகாது.