வலி எனக்கு வருகிறது: ஸ்பானிஷ் படிக்கத் தமிழ் தரும் கை

இரவு ஷிப்ட் முடித்தும் தூங்காமல் நேரலையில் கேட்டுக்கொண்டிருக்கும் சக செவிலியர்களுக்கு என் தனி அன்பு.

நான் நர்சிங் டிப்ளமா படித்தவள். மொழியியல் படித்தவள் அல்ல. டெக்சாஸில் வேலை பார்ப்பதால் ஸ்பானிஷ் என் காதில் விழாத நாள் இல்லை. அந்த மொழியைக் கற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சில இலக்கணக் கேள்விகளை இன்று எடுத்துக்கொள்கிறேன். "பள்ளியில் ஸ்பானிஷ் வந்துவிட்டது, பிள்ளைக்குப் பாரம், தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டோம்" என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அந்தப் பாரத்தைக் குறைப்பதே தமிழ்தான் என்பது என் கட்சி.

முதல் கேள்வி. தலைவலியை 'மே துவேலே லா கபேசா' என்கிறார்கள். இதில் 'நான்' எங்கே? 'என் தலை' என்று ஏன் சொல்வதில்லை? ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இங்கே தடுமாறுவார். தமிழில் சொல்லிப் பாருங்கள்: எனக்குத் தலை வலிக்கிறது. 'மே' என்பது 'எனக்கு'. வினை தலையோடு போகிறது. கால்கள் என்றால் 'துவேலென்', நம் 'வலிக்கின்றன' போல. காப்பி பிடிக்கும் என்பதும் இதே அமைப்புதான்: 'மே குஸ்தா எல் கஃபே', எனக்குக் காப்பி பிடிக்கும். வலியும் விருப்பமும் நாம் செய்பவை அல்ல, நமக்கு வருபவை. இரண்டு மொழியும் அப்படித்தான் பேசுகின்றன.

இரண்டாவது, மனிதர்களுக்கு முன்னால் வரும் அந்தச் சின்ன 'ஆ'. படம் பார்க்கிறேன் என்பதற்கு 'வேயோ உனா பெலிகுலா'. மரியாவைப் பார்க்கிறேன் என்றால் 'வேயோ ஆ மரியா'. ஏன் இந்தப் பாகுபாடு? நாமும் 'படம் பார்த்தேன்' என்போம். 'மரியா பார்த்தேன்' என்போமா? ஐ உருபு வந்தே தீரும். இன்னும் நுட்பம் உண்டு. வேலைக்கு நர்ஸ் தேடுகிறார்கள் என்பது வேறு, நர்ஸைத் தேடுகிறார்கள் என்பது வேறு. ஸ்பானிஷிலும் யாரோ ஒரு நர்ஸ் என்றால் 'ஆ' இல்லாமல் வரலாம். இன்ன நர்ஸ் என்றால் 'ஆ' வேண்டும்.

மூன்றாவது, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். அதற்கு ஏன் படர்க்கை வினை? அது 'புவெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் அருள்' என்ற பழைய மரியாதைத் தொடரிலிருந்து சுருங்கி வந்த சொல். எதிரில் நிற்பவரிடமே "டாக்டர் சாப்பிட்டாரா?" என்று கேட்கும் நமக்கு இதில் என்ன அதிசயம்? ஒன்று மட்டும் மாறும். தமிழ் வேதாகமம் கடவுளை 'நீர்' என்கிறது. ஸ்பானிஷ் ஜெபம் நெருக்கமான 'து' என்றே அழைக்கிறது.

நான்காவது, 'செர்', 'எஸ்தார்'. இரண்டும் 'இரு' என்ற பொருள் தருபவை. நிரந்தரத்துக்கு முன்னது, தற்காலிகத்துக்குப் பின்னது என்று சொல்லிக்கொடுப்பார்கள். அப்படியானால் இறந்தவரை ஏன் 'எஸ்தா முயெர்த்தோ' என்கிறார்கள்? மரணத்தைவிட நிரந்தரம் எது? நான் விசுவாசிதான், ஆனாலும் உயிர்த்தெழுதலுக்கு இலக்கணத்தைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். காலக்கணக்கு இங்கே உதவாது. ஒரு மாற்றத்தின் முடிவில் வந்து சேர்ந்த நிலைக்கு 'எஸ்தார்', அவ்வளவுதான். இந்த இடத்தில் தமிழ் பாதி தூரம்தான் கூட வரும். 'அவர் டாக்டர்' என்று நாம் வினையே இல்லாமல் சொல்லும் இடத்தில் 'செர்'; 'களைப்பாக இருக்கிறார்' என்னும்போது 'எஸ்தார்'. ஆனால் 'உயரமாக இருக்கிறார்' என்பதற்கு மறுபடி 'செர்'. அதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்வளவு தெரிந்தாலும் மருந்தளவுக்கும் ஒப்புதல் கையெழுத்துக்கும் முறையான மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். நம் ஸ்பானிஷ் நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுப் பக்கத்தில் நிற்பதற்கு.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை ஸ்பானிஷ் வீட்டுப்பாடத்தோடு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். 'எனக்கு' என்று தொடங்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் வீட்டிலேயே முடிந்துவிட்டது. தமிழ் வகுப்பை நிறுத்துமுன் இதை யோசியுங்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.