லைன் வீடுகள் சொல்லும் பாடம்

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





இன்று வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம்மில் சிலர் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறோம். பலர் வாடகைக்குக் குடியிருக்கிறோம். இந்தப் பேச்சு இரு தரப்பாருக்கும் உரியது. ஆனால் ஓசூரில் தொடங்காமல், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோலார் தங்கவயலில் இருந்து தொடங்குகிறோம்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கச் சுரங்க வேலையை ஏற்றது. பூமிக்குள் இறங்க ஆள் வேண்டியிருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து ஏழைகள் குடும்பத்தோடு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். அந்த நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. ஆகவே இது வேறு யாருடைய கதையும் அல்ல, நம் மண்ணிலிருந்து போனவர்களின் கதை.

போனவர்களுக்குக் கம்பெனி கொடுத்தவைதான் லைன் வீடுகள். முதலில் மூங்கில் தட்டிச் சுவரும் ஒற்றை அறையும் கொண்ட குடிசைகள். பிறகுதான் கல்லும் செங்கல்லும் தகரக் கூரையும் வந்தன. வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. குழாயும் கழிப்பிடமும் பொது. துரைமார்களுக்கோ தோட்டத்தோடு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. லைன் வீட்டில் விளக்கு எரிய வெகுகாலம் ஆனது.

அந்த வீட்டில் இன்னொரு குறையும் இருந்தது. வீடு கம்பெனியுடையது என்பதால், வேலை போனால் வீடும் போகும். கூலி பற்றி வாய் திறக்கும் முன் பிள்ளைகள் படுக்கும் இடத்தை நினைக்க வேண்டும். அப்படியிருந்தும் 1930-ல், கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரே வரிசையில் அடுத்தடுத்து வாழ்ந்த நெருக்கம்தான் அந்த ஒற்றுமைக்கு அடித்தளமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அருகருகே எழுந்த ஊர் அது.

சுரங்கம் பிறகு மைசூர் அரசிடமும், 1962-ல் மத்திய அரசிடமும் போனது. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் நின்றது. வீடுகள் நிற்கவில்லையே, அவற்றில் மனிதர்கள் இருந்தார்களே! மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருந்தவர்களின் கையில் அந்தச் சுவருக்கு ஒரு காகிதம் இல்லை. 'இது யாருடைய வீடு?' என்ற கேள்வியோடு வருடக்கணக்கில் அலைந்தார்கள். இன்றும் பல குடும்பங்கள் அங்கிருந்து அதிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் அதே லைன் வீட்டுக்குத் திரும்புகின்றன.

அதே 2001-ல் இன்னொன்றும் நடந்தது. இங்கிலாந்தில் சால்டேர் என்ற ஊரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி 1853-ல் ஆலையைத் திறந்து, அதைச் சுற்றித் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊர் அது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கல் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரும் தனிக் கழிப்பறையும். அங்கேயும் முதலாளியின் கட்டுப்பாடு உண்டு, மதுக்கடைக்கு அனுமதி இல்லை. ஆனால் 1933-ல் வீடுகள் ஆலையின் கையை விட்டுப் போயின, குடியிருந்தவர்கள் வாங்க வழி பிறந்தது. 1986-ல் ஆலை மூடியபோது ஊர் சாகவில்லை. ஒழுங்காகக் கட்டியதும், உரிமை குடியிருப்பவர் கைக்கு வந்ததும்தான் காரணம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1970-களில் சிப்காட் வந்தபின் ஓசூர் தொழில் நகரமானது. டைட்டன் நிறுவனம் மத்திகிரியில் தன் ஊழியர்களுக்கு டவுன்ஷிப் அமைத்தது. ஆனால் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு, அதிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, வீடு கட்டுவது கம்பெனி அல்ல. நாம்தான். மாடிக்கு மேல் மாடியாக, வரிசையாக அறைகள் போடுகிறோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வரும் பிள்ளைகள் அதில் நாலைந்து பேராகத் தங்குகிறார்கள். அன்று நம் மண்ணிலிருந்து போனவர்களின் இடத்தில் இன்று அவர்கள். கம்பெனியின் இடத்தில் நாம். இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது, அல்பகராவின் 282-ஆம் வசனம். அட்வான்ஸ் பணமும் நம்மிடம் இருக்கும் அமானிதம்தான். அதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது கொடுக்கிறோமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. அட்வான்ஸுக்கும் மாத வாடகைக்கும் ரசீது கொடுங்கள். குடியிருப்பவர்கள் கேட்டு வாங்குங்கள், கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இரண்டு: அடுத்த அறை போடும் முன், இருக்கிற அறைகளுக்கு ஜன்னலும் தண்ணீரும் போதுமான கழிப்பறையும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மகன் துபாயிலோ பெங்களூரிலோ எப்படிப்பட்ட அறையில் தங்க வேண்டும் என்று விரும்புவோமோ, அப்படிக் கட்டுங்கள்.

மூன்று: தங்கவயலிலோ, வேறு ஆலைக் குடியிருப்பிலோ வாழ்ந்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தால், பழைய சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, புகைப்படங்களை எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். பெரிய மாளிகைகளுக்குக் கல்வெட்டு இருக்கும். லைன் வீட்டுக்கு அதில் வாழ்ந்தவர்களின் நினைவு மட்டும்தான் கல்வெட்டு.

சுரங்கம் மூடும், ஆலை இடம் மாறும். நாம் கட்டிய அறையில் ஒரு ஏழை நிம்மதியாகத் தூங்கினான் என்பது மட்டும் நம் கணக்கில் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.