சுட்டிகளின் திரையில் சுட்கியின் இடம்

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை எளியோர் வீடுகளுக்கும் தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டு சேர்த்துக்கொண்டிருந்த வேளையில், 2007 ஏப்ரலில் சன் குழுமம் 'சுட்டி டிவி'யைத் தொடங்கியது. குழந்தைகளுக்கென்றே அமைந்த முதல் தமிழ் அலைவரிசை அது. திருச்சிராப்பள்ளியின் உறையூர், பாலக்கரை, அரியமங்கலம் பகுதிகளிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளிலும், நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டிய கைகள் மெல்ல மெல்லத் தொலைக்காட்சியைக் காட்டி ஊட்டப் பழகின. பள்ளிக்குச் செல்லும் முன்பே, எழுத்து அறியும் முன்பே, ஆண் எப்படி இருப்பான், பெண் எப்படி இருப்பாள் என்ற பாடத்தை அந்தத் திரை குழந்தைக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. அப்பாடத்தின் உள்ளடக்கத்தைப் பெரியவர்கள் உட்கார்ந்து கவனித்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது.

ஒரு பாலினத்தைச் சேர்ந்தவர் அனைவரும் இன்ன குணம் உடையவர், இன்ன வேலைக்கு உரியவர் என்று முன்கூட்டியே வகுத்து வைத்த எண்ணத்தைச் சமூகவியலார் 'பாலின வார்ப்புரு' என்பர். பெண் அழகானவள், அமைதியானவள், உதவி செய்பவள் என்பதும், ஆண் வலியவன், அழாதவன், முடிவெடுப்பவன் என்பதும் அவ்வகை வார்ப்புருக்கள். குழந்தைகள் நிகழ்ச்சிகளில் இவை பெரும்பாலும் இழிவான காட்சியாகவோ கடுஞ்சொல்லாகவோ வருவதில்லை. அப்படி வந்தால் பெற்றோரே பெட்டியை அணைத்துவிடுவர். கதைக்குள் யாருக்கு எந்த வேலை என்ற பங்கீட்டில்தான் அவை தங்கியிருக்கின்றன. ஆகையால் அவற்றைக் கண்டறிய விரும்புவோர், கதையை நகர்த்துபவர் யார், திட்டம் தீட்டுபவர் யார், காப்பாற்றப்படுபவர் யார் என்ற கேள்விகளையே முதலில் கேட்க வேண்டும்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த கிரீன் கோல்டு நிறுவனத்துக்காக ராஜீவ் சிலகா படைத்து, 2008 முதல் போகோ அலைவரிசையில் ஒளிபரப்பாகும் 'சோட்டா பீம்', தமிழ்க் குரலிலும் புகழ்பெற்ற தொடர். தோலக்பூர் என்னும் கற்பனை ஊரில் பீம் தலைவனாக இருக்க, சின்னஞ்சிறு ராஜு, பேசும் குரங்கு ஜக்கு, பொறாமையும் பெருந்தீனியும் கொண்ட காலியா, அவனுடைய இரட்டை எடுபிடிகளான தோலு, போலு ஆகியோர் சூழ்ந்திருப்பர். இத்தனை ஆண்களுக்கு நடுவே எப்போதும் உடன் வரும் பெண் குழந்தை சுட்கி ஒருத்தியே. அரசன் இந்திரவர்மனின் மகள் இந்துமதி அவ்வப்போது வந்து போவாள். பீமுக்கு வலிமை தருவது லட்டு. அந்த லட்டைச் செய்து விற்பவர் சுட்கியின் தாய். நெருக்கடி நேரத்தில் லட்டை அவனிடம் சேர்ப்பவள் பல கதைகளில் சுட்கி. அவள் அறிவும் துணிவும் உள்ளவளாகவே வரையப்பட்டிருக்கிறாள் என்பதை மறுப்பது நியாயம் ஆகாது. ஆயினும் வலிமை அவன் உடலிலும், அதற்கான உணவு அவள் கையிலுமாகக் கதை பிரிந்து கிடப்பதை, நாள்தோறும் அதைப் பார்க்கும் ஐந்து வயதுக் குழந்தை யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொள்கிறது.

2020 ஜூன் மாதத்தில், வளர்ந்த பீம் சுட்கியை விட்டு இளவரசி இந்துமதியை மணந்துகொண்டதாக ஒரு செய்தி பரவ, 'சுட்கிக்கு நீதி வேண்டும்' என்ற முழக்கம் இந்திய அளவில் சமூக ஊடகங்களில் எழுந்தது. பாத்திரங்கள் இன்னமும் குழந்தைகளே, யாருக்கும் திருமணம் நடக்கவில்லை என்று தயாரிப்பு நிறுவனம் விளக்கம் தர நேர்ந்தது. முழங்கியவர்களில் பலர் அத்தொடரைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள். அவர்களுடைய அன்பு உண்மையானது. ஆனால் ஒரு தலைமுறையின் தோழியாக விளங்கிய சிறுமிக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று அவர்களுக்குத் தோன்றியது, அவளுக்கு மணமகன் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் பெயரில் ஒரு பயணம், அவள் தீட்டிய ஒரு திட்டம், அவள் வென்ற ஒரு போர் தொடரின் நடுநாயகமாக நிலைத்திருந்தால், நீதி என்ற சொல்லுக்கு அவர்கள் வேறு பொருள் கண்டிருப்பர்.

ஆண்கள் பலர் கொண்ட குழுவில் பெண் ஒருத்தியை மட்டும் வைக்கும் இவ்வழக்கத்துக்கு, அமெரிக்க எழுத்தாளர் கேதா பாலிட் 1991ஆம் ஆண்டு 'ஸ்மர்ஃபெட் விதி' என்று பெயரிட்டார். நீலநிறக் குள்ளர்களின் ஊரைப் பற்றிய ஸ்மர்ஃப் கதைகளில், ஒருவன் அறிவாளி, ஒருவன் சிடுமூஞ்சி, ஒருவன் கோமாளி என்று ஆண்களுக்கு ஆளுக்கொரு குணம் இருக்க, ஸ்மர்ஃபெட்டுக்குப் பெண் என்பதே குணமாக அமைந்துவிட்டதை அப்பெயர் சுட்டுகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இயங்கும் குழந்தைகள் ஊடக ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மாயா கோட்ஸ் தலைமையில், இந்தியா உட்பட 24 நாடுகளின் குழந்தைகள் நிகழ்ச்சிகள் 2007ஆம் ஆண்டை ஒட்டி ஆராயப்பட்டபோது, முதன்மைப் பாத்திரங்களில் பெண்கள் 32 விழுக்காடு, ஆண்கள் 68 விழுக்காடு எனத் தெரியவந்தது. விலங்குகள், எந்திர மனிதர்கள் முதலிய மனிதர் அல்லாத பாத்திரங்களில் பெண்களின் பங்கு இன்னும் குறைவு. கரடிக்கும் ரயில் எஞ்சினுக்கும் ஆண், பெண் என்ற வேறுபாடு தோற்றத்தில் தெரியாதபோதும், படைப்பவரின் மனம் அவற்றை ஆணாகவே எண்ணிக்கொள்கிறது. தமிழில் குரல் கொடுக்கும்போது இது மேலும் இறுகுகிறது. படர்க்கையில் 'வந்தான்' என்றோ 'வந்தாள்' என்றோ வினைமுற்றிலேயே பெரும்பாலும் பால் காட்ட வேண்டியிருப்பதால், வசனம் எழுதுபவர் அத்தகைய ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும், பழக்கத்தினால் எடுக்கப்படும் அம்முடிவு பெரும்பாலும் 'ஆன்' என்றே முடிகிறது.

திரையில் காண்பதைக் குழந்தை கற்றுக்கொள்ளுமா என்ற ஐயத்துக்கு உளவியல் நெடுங்காலத்துக்கு முன்பே விடை தந்திருக்கிறது. ஆல்பர்ட் பண்டூராவும் உடனாய்வாளரும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொம்மையைப் பெரியவர் அடிப்பதை நேரில் கண்ட குழந்தைகளைப் போலவே, படச்சுருளில் கண்ட குழந்தைகளும் அதைப் பார்த்து அடித்தனர். பார்த்துக் கற்றல் என்னும் இந்த வழியில், தன் பாலினத்தவராகத் தோன்றுபவரின் செயலைக் குழந்தை தனிக் கவனத்துடன் உள்வாங்குகிறது. 2017ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. ஐந்து வயதில் சிறுவரும் சிறுமியரும் தத்தம் பாலினத்தவரையே மிகுந்த அறிவாளிகள் என்று கருத, ஆறு வயதை அடைந்ததும் சிறுமியரிடம் அந்த நம்பிக்கை குறைந்துவிடுவதை அது காட்டியது. இதற்குத் தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று யாரும் கூற முடியாது. வீடும் பள்ளியும் தெருவும் சேர்ந்தே அந்த எண்ணத்தை ஊட்டுகின்றன. எனினும் ஓராண்டுக்குள் ஒரு சிறுமி தன்னைப் பற்றிய மதிப்பை இவ்வளவு இழக்க நேர்வது, பெற்றோர் மனத்தை வருத்த வேண்டிய செய்தி.

பெண்ணை நாயகியாக வைத்தால் ஆண் குழந்தைகள் பார்க்க மாட்டார்கள் என்று தயாரிப்பாளர் சிலர் சொல்வதுண்டு. தமிழ்நாட்டின் அனுபவமே இதை மறுக்கிறது. அமெரிக்காவின் நிக்கலோடியன் 2000ஆம் ஆண்டு தொடங்கிய டோரா தொடர், சுட்டி டிவியில் 'டோராவின் பயணங்கள்' என்று தமிழில் வந்தபோது, சிறுவரும் சிறுமியரும் ஒன்றாக அமர்ந்து அதைப் பார்த்தனர். வரைபடத்தை விரிப்பவளும், ஆற்றைக் கடக்க வழி தேடுபவளும், பார்ப்பவரை நோக்கிக் கேள்வி கேட்டு விடைக்காகக் காத்திருப்பவளும் ஏழு வயதுச் சிறுமி என்பதற்காக எந்தச் சிறுவனும் விடை சொல்ல மறுக்கவில்லை. அவளுக்குத் துணையாக வரும் குரங்கு புஜ்ஜியின் பெயர் அவள் பெயரோடு இணைந்து 'டோரா புஜ்ஜி' என்றே தமிழகத்தில் வழங்கலாயிற்று.

இனி, திருச்சிராப்பள்ளிக் குழந்தைக்குத் திரைக்கு வெளியே கிடைக்கும் கதைகளை எண்ணிப் பார்க்கலாம். மலைக்கோட்டையின் நடுவே கோயில் கொண்ட தாயுமானவரின் கதையை இந்நகரில் அறியாதவர் இல்லை. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாமல் போக, பேறுகால வேதனையில் தவித்த ரத்தினாவதிக்குச் சிவபெருமானே தாய் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது தலபுராணம்; 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற பெயரில் திருவிழாவில் அது இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. திருவானைக்காவில் உச்சிக்கால பூசையின்போது, அர்ச்சகர் சேலை உடுத்தி, அகிலாண்டேசுவரியின் கோலத்தில் சென்று சம்புகேசுவரரை வழிபடுகிறார். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள், பகல் பத்தின் நிறைவில், நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் காட்சி தருகிறார். பேறுகாலத்தில் உடனிருப்பதும் பெண்ணுடை பூணுவதும் தெய்வத்துக்கு இழுக்கு என்று இம்மூன்று தலங்களிலும் யாரும் கருதியதில்லை. ஆனால் அழும் சிறுவனைப் 'பெண் பிள்ளையா நீ' என்று கேலி செய்வது இன்றும் இங்கே கேட்கும் பேச்சாகவே இருக்கிறது.

பெண் தெய்வங்களின் பன்மை இன்னும் வியப்பளிப்பது. அரங்கநாயகித் தாயார் தம் சன்னிதி விட்டு வெளியே எழுந்தருளாதவர் என்பதால் 'படிதாண்டாப் பத்தினி' எனப்படுகிறார். அதே தாயார், பங்குனியில் உறையூருக்குச் சென்று திரும்பும் பெருமாளை உள்ளே விடாமல் கதவடைத்து ஊடுவதும் விழாவாகவே கொண்டாடப்படுகிறது. உறையூர் வெக்காளியம்மன் தனக்குக் கூரை வேண்டாம் என்று வானத்தின் கீழ் அமர்ந்திருக்கிறாள். சமயபுரத்து மாரியம்மன் மக்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அடங்கியிருப்பவள், கோபிப்பவள், வெயிலையும் மழையையும் ஏற்பவள், பிறருக்காகப் பசித்திருப்பவள் எனப் பத்துக் கல் தொலைவுக்குள் இத்தனை வகைப் பெண்மையை அறிந்து வளரும் குழந்தைக்கு, தொலைக்காட்சி பெரும்பாலும் தருவது சுட்கி என்னும் ஒற்றை வகையையே. மரபு முழுவதும் சமத்துவமானது என்று இதனால் கொள்ளுதல் தவறு. ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் பெண்கள் மூவர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெறுவதற்கு 2023ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசியலிலோ ஸ்ரீரங்கம் தொகுதிக் குழந்தைகள், 2011 முதல் 2014 வரை, தம் சட்டமன்ற உறுப்பினராகவும் மாநிலத்தின் முதலமைச்சராகவும் விளங்கிய ஜெயலலிதாவை அறிந்திருந்தனர். அதே காலத்தில் அவர்கள் பார்த்த தோலக்பூரில் ஆள்பவன் அரசன், அவன் மகள் அழகிய இளவரசி.

வார்ப்புரு ஆண் குழந்தையையும் விட்டுவைப்பதில்லை. ஜப்பானியத் தொடரான டோரேமானில் வரும் நோபிட்டா சோம்பேறி, தேர்வில் தோற்பவன், அடிவாங்கி அழுபவன். அவனைக் குழந்தைகள் நேசிப்பது, வலிமையற்ற சிறுவனும் கதைக்கு நாயகனாகலாம் என்பதைக் காட்டுகிறது. ஆனால் அதே தொடரின் ஷிசுகா நன்றாகப் படிப்பவளாக, கனிவானவளாக, பெரும்பாலும் பிழை செய்யாதவளாக இருக்கிறாள். சோம்பிக் கிடக்கும் உரிமை அவளுக்கு இல்லை. இதற்கு நேர்மாறாக, யுனிசெஃப் 1990களில் தெற்காசியாவுக்கென உருவாக்கி, இந்திய அசைபட முன்னோடி ராம் மோகன் பங்களித்த 'மீனா' தொடரில், மாம்பழத்தின் பெரிய பங்கு தம்பி ராஜுவுக்கே போவதைக் கண்ட மீனா, ஒரு நாள் அவன் வேலையைத் தான் செய்து, தன் வேலையை அவனைச் செய்ய வைக்கிறாள். தன் உடலில் ஏறிய களைப்பின் வழியே ராஜு நியாயத்தை உணர்கிறான். 2024இல் கேரள அரசு மூன்றாம் வகுப்புப் பாடநூலில் தேங்காய் துருவும் தந்தையின் படத்தை வெளியிட்டபோது எழுந்த வரவேற்பு, இத்தகைய காட்சிக்கு மக்கள் எவ்வளவு ஏங்கியிருந்தனர் என்பதைத் தெரிவித்தது.

சட்டம் இதில் ஓரளவே துணை செய்யும். 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் அடங்கிய நிகழ்ச்சி நெறிமுறை, பெண்களை இழிவுபடுத்துவதையும் குழந்தைகளைச் சிறுமைப்படுத்துவதையும் தடை செய்கிறது. இருக்கும் காட்சியைத் தடுக்க அதனால் இயலும், இல்லாத சிறுமியைத் திரைக்குக் கொண்டுவர இயலாது. அதைச் செய்யக்கூடியவர்கள் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் குரல் வசனம் எழுதுவோருமே. 2019இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சிக்கு விளம்பர வருவாயின் நெருக்கடி இல்லாததால், அங்கே இம்முயற்சி எளிதாகத் தொடங்கலாம். கதைக்கும் பஞ்சமில்லை. 1689இல் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று, சாலைகளும் சத்திரங்களும் அமைத்த ராணி மங்கம்மாளின் பெயர் தாங்கிய கொலு மண்டபம் மலைக்கோட்டையின் அருகே அரசு அருங்காட்சியகமாக நிற்கிறது; ஒரு சாலை நீளும் வழியெல்லாம் காடும் ஆறும் கள்வரும் வழிப்போக்கரும் எதிர்ப்படும் கதையை விடக் குழந்தைக்கு உகந்த பயணக் கதை வேறு கிடைப்பது அரிது.

அப்படி ஒரு தொடர் உருவாகும்போது, மங்கம்மாள் ஒருத்தியை மட்டும் வீரமும் அறிவும் பொறுமையும் நிறைந்தவளாகப் படைத்துவிட்டுச் சுற்றிலும் ஆண்களை நிரப்பினால், ஸ்மர்ஃபெட் விதியே மகுடம் சூடிக்கொண்டதாகிவிடும். காலியாவுக்குப் பேராசைப்படவும், ராஜுவுக்குச் சிறுபிள்ளைத்தனம் காட்டவும், நோபிட்டாவுக்குத் தோற்றுத் தூங்கவும் இடம் இருப்பதைப் போல, அந்த அரண்மனையில் சாலைக் கணக்கில் தவறு செய்யும் ஒரு சிறுமியும், சத்திரத்துச் சாப்பாட்டைத் திருட்டுத்தனமாகத் தின்னும் ஒருத்தியும், பயந்து மரத்தில் ஏறிக்கொள்ளும் ஒருத்தியும், எல்லாரோடும் சண்டை போடும் ஒருத்தியும் இருக்க வேண்டும். அவர்களுக்குள் யார் தன்னைப் போன்றவள் என்று பார்க்கும் சிறுமி தேர்ந்துகொள்வாள், யாரைப் போல் இருக்கலாம் என்று பார்க்கும் சிறுவனும் தேர்ந்துகொள்வான்.