துப்பாக்கி தூக்கிய பாட்டிகளின் பேத்திகளே!

இந்தக் குளிரிலும் பிரிஞ்சாங்கிலிருந்தும் சுங்கை பாலாஸிலிருந்தும் தானா ராத்தாவிலிருந்தும் கியா பார்முக்கு ஏறி வந்திருக்கிற தாய்மார்களே, பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கிற தம்பிகளே!

முதலில் ஒரு வேலை. முன்வரிசை நாற்காலிகள் பெரிய மனிதர்களுக்காகப் போட்டவை. அவர்கள் வரவில்லை. பின்னால் நிற்கிற பாட்டிமார்களே, நீங்கள் வந்து உட்காருங்கள். இன்று பேசப்போவது உங்களைப் பற்றித்தான். உங்களுக்குத்தான் முன்வரிசை! ஆ, அந்தக் கைத்தட்டல் போதாது, இன்னும் தட்டுங்கள், எழுந்து வருகிற கால்களுக்குத் தெம்பு வரட்டும்.

இந்த மலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1885-இல் அளக்க வந்த வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்காரரின் பெயர். இங்கே தேயிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய ரசல் துரையின் பெயர். இந்தச் சரிவில் கூடையைச் சுமந்து கொழுந்து கிள்ளிய பெண்ணின் பெயர் எங்கே? எந்தப் பலகையில் இருக்கிறது? சொல்லுங்கள் பார்க்கலாம்!

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு அம்மா இருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் கூனிக்குறுகி நிற்பார்கள். அந்த அம்மா மட்டும் குதிகால் இரண்டையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். கங்காணி வந்தாலும் கிராணி வந்தாலும் துரையே வந்தாலும் அந்த நிமிர்வு மாறாது. “அது பட்டாளத்தில் இருந்த உடம்பு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

என்ன பட்டாளம் தெரியுமா? 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். ஜூலை 12, பெண்களுக்கென்றே ஒரு கூட்டம். அதில் அவருக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தியவர்கள் பெண்கள், இருபது பேர். நாலு கிலோ கனமுள்ள துப்பாக்கியைத் தோளில் ஏந்தி நின்றார்கள். அவர்களைத் திரட்டியவர் சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். அன்று அவருக்கு வயது இருபத்தெட்டு. அக்டோபர் 22-இல் ஜான்சி ராணிப் படைக்கு முகாம் திறந்தது. 1858-இல் குவாலியரில் வெள்ளைக்காரனோடு போரிட்டு மடிந்த ராணியின் பெயரைத் தாங்கிய படை. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் யார்? ராணிகளா? ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்! பால்வாளி தூக்கிய கை! கையெழுத்துப் போடத் தெரியாத கை! இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள், அதன் விடுதலைக்குத் துப்பாக்கி தூக்கினார்கள்.

எத்தனை பேர்? ஆயிரம் என்பார்கள், ஆயிரத்து ஐந்நூறு என்பார்கள், தேடித் தேடி எண்ணியவர்கள் ஐந்நூறைத் தாண்டாது என்கிறார்கள். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு படையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றே சண்டை நடக்கிறதென்றால், அவர்கள் பெயரை நாம் எந்த லட்சணத்தில் காப்பாற்றியிருக்கிறோம்?

ஜானகியின் கதை தெரியுமா உங்களுக்கு? தெரிந்தவர்களும் கேளுங்கள், இது எத்தனை முறை கேட்டாலும் பழசாகாது. கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண், ஜானகி தேவர். பதினெட்டு வயது. நேதாஜி பேசுகிறார் என்று கேள்விப்பட்டுப் போகிறார். போராட்ட நிதிக்கு உதவுங்கள் என்று அவர் கேட்டதும் காதில் கிடந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் படம் பத்திரிகையில்! அப்பாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! பெண் பட்டாளத்தில் சேருவதா, இந்த வீட்டில் நடக்காது என்றார். அப்புறம் டாக்டராக இருந்து படையின் கேப்டனான லட்சுமியே வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்தபடி பேசிப் பேசி அப்பாவின் மனத்தைக் கரைத்தார். அந்தப் பெண் படையில் இரண்டாம் நிலைத் தளபதியானார். 1946-இல் ம.இ.கா. என்ற மலாயா இந்தியக் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். செனட்டரானார். ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடு போற்றியது. 2000-இல் இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. 2014-இல்தான் மறைந்தார். தட்டுங்கள், அந்தக் காதுக்கும் அந்தத் தோட்டுக்கும் தட்டுங்கள்!

அவர் ஒருவரா? ராசம்மா பூபாலன் இல்லையா? பதினாறு வயதில் அக்கா பொன்னம்மாவோடு சேர்ந்து படைக்குப் போனவர். திரும்பி வந்து ஆசிரியை ஆனார். ஆணுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் பெண் ஆசிரியைக்கும் வேண்டும் என்று சங்கம் வைத்துப் போராடினார். இன்று இங்கே உட்கார்ந்திருக்கிற டீச்சர்மார்களே, மாதக் கடைசியில் எண்ணி வாங்குகிறீர்களே, அந்தப் பணத்தில் அவர் வியர்வையும் இருக்கிறது.

இவர்கள் பெயராவது நமக்குத் தெரியும். எங்கள் லயத்து அம்மாவின் பெயர்? அவர் போனபோது சாவு அறிவித்தவர்கள் இன்னாருடைய தாயார் என்றுதான் சொன்னார்கள்.

பர்மா வரை போன அந்தப் படைப் பெண்கள் 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார்கள். மேலே விமானம் குண்டு போடுகிறது, கீழே சேறு. பகலில் ஒளிந்து, இரவில் நடை. வண்டியில் ஏறிப் போகலாம் என்றார்கள் நேதாஜியிடம். என் பெண்கள் போகாமல் நான் போகமாட்டேன் என்று கால் கொப்புளிக்க அவர்களோடே நடந்தார். இதுதான் தலைவன்! தன் படைக்கு முன்னால் ஓடுகிறவன் இல்லை, தன் படையோடு நடக்கிறவன்!

இன்றைக்கு இருக்கிறார்களே சிலர். பெயர் சொல்லமாட்டேன், நீங்களே சிரிக்கிறீர்கள், உங்களுக்கே தெரிகிறது. தீபாவளிக்கு ஒரு தடவை காரில் ஏறி வருகிறார்கள். பாட்டியின் கையில் ஒரு அரிசி மூட்டை, பக்கத்தில் நின்று ஒரு படம், முடிந்தது. அந்தப் பாட்டியின் பெயரைக் கேட்டார்களா? அவருக்குக் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை, அந்த நீல ஐ.சி. கிடைத்ததா என்று கேட்டார்களா? இந்த நாட்டிலேயே பிறந்து, சிவப்பு ஐ.சி.யோடு செத்துப்போன நம் கிழவிகள் எத்தனை பேர்! இன்னும் சிலர் வம்சாவளிச் சங்கம் நடத்துகிறார்கள். என்ன வம்சம்? நம்ம ஆளா, எந்தக் கிராமம், எந்தச் சாதி! கப்பலில் ஒன்றாக வாந்தி எடுத்து வந்தவர்களைக் கரையில் இறங்கியதும் பிரித்து வைக்கிற சங்கம். பர்மாக் காட்டில் ஒரே சட்டியில் சோறு தின்றவர்கள் நம் பாட்டிகள். மலையாளி, சீக்கியர், குஜராத்தி, தமிழர், எல்லாரும் ஒரே முகாம், ஒரே சோறு. அந்தப் பாட்டிகளின் பேத்திக்கா நீ சாதி சொல்லித் தருகிறாய்?

கோபம் வந்துவிட்டது. வரட்டும்.

பாட்டிகளின் பெயரைக் காப்பாற்றுவது எப்படி? அமெரிக்காவில் 1890-இல் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்று பெயர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடியவரின் நேர் வாரிசு என்று தாளைக் காட்டி நிரூபித்தால்தான் உறுப்பினர். பிறப்பு, கல்யாணம், சாவு, தலைமுறை தலைமுறையாகப் பதிவு. அதற்கென்றே பெரிய நூலகம் வைத்திருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதே சங்கம் 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்குத் தன் மண்டபத்தைத் தர மறுத்தது. அதிபரின் மனைவி எலினார் ரூசவெல்ட் அந்தச் சங்கத்திலிருந்தே விலகினார். ஆண்டர்சன் லிங்கன் நினைவிடத்தில் பாடினார், எழுபத்தைந்தாயிரம் பேர் திரண்டு கேட்டார்கள். அந்தக் கதவடைப்பை மட்டும் நாம் கற்றுக்கொள்ள வேண்டாம்.

நம்மிடம் தாள் ஏது என்று கேட்பீர்கள். நியாயம். போர் முடிந்து வெள்ளைக்காரன் மலாயாவுக்குத் திரும்பி வந்தபோது பயந்து சீருடையையும் படத்தையும் அடுப்பில் போட்டார்கள். எங்கள் லயத்து அம்மாவும் போட்டிருப்பார். ஆனாலும் வாய் இருக்கிறது. சின்னம்மா இருக்கிறார், பெரியம்மா இருக்கிறார், கல்யாணப் படத்தின் பின்னால் பென்சில் எழுத்து இருக்கிறது, தகரப் பெட்டியின் அடியில் ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு இருக்கிறது. துப்பாக்கி தூக்கியவர் மட்டுமல்ல, நகையைக் கழற்றிக் கொடுத்தவர், ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குப் புருஷனை இழந்து ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்த்தவர், கெடாவில் 1947-இல் தொண்டர் படையோடு சேர்ந்து கள்ளுக்கடையை எதிர்த்து நின்றவர், எல்லாரும் நம் கணக்கில் உண்டு.

ஆகவே இந்தக் கியா பார்மில், இன்றைக்கே, பேத்திகள் சங்கம் தொடங்குகிறோம். சந்தா கிடையாது. சாதி கேட்கமாட்டோம். கட்சி கேட்கமாட்டோம். நுழைவுக்கட்டணம் ஒன்றே ஒன்று, உங்கள் பாட்டியின் முழுப்பெயர். தோட்டத்தின் பெயர், கப்பலேறிய ஊர், பெற்ற பிள்ளைகள், செய்த வேலை, தெரிந்த வரைக்கும் சொல்லுங்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறது. எழுதத் தெரியாதவர் சொன்னால் போதும், நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தம்பிகளே, உங்கள் கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்டது போதும், பாட்டி பேசுவதைப் பதிவு செய்யுங்கள். முன்வரிசைப் பாட்டிமார்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். அந்தக் கடைசி நாற்காலியில் இருக்கிற அம்மா, நீங்கள் கையைத் தூக்கினீர்களா? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள் தம்பி. சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா, உங்கள் அம்மா பெயர் என்ன?