தொழிற்குழுவின் ஆரோக்கியம்

(ஓமந்தையில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



உடலின் நலத்தை அறிய வைத்தியர் நாடி பார்க்கின்றார். கந்தோரிலோ தொழிற்சாலையிலோ கூடி உழைக்கும் ஒரு குழுவின் நலத்தை எதைக்கொண்டு அறிவது? சச்சரவில்லை, முறைப்பாடில்லை, ஆகவே குழு நன்றாயிருக்கின்றது என்பர் பலர். இம்முடிபை நாம் சற்றே ஆராய்தல் வேண்டும்.

ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இரண்டு வைத்தியசாலைகளில் எட்டுப் பிரிவுகளின் தாதியரை ஆராய்ந்து, 1996 ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். சிறந்த குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் குறைவாயிருக்கும் என்றே அவர் எதிர்பார்த்தார். கணக்கோ நேர்மாறாக வந்தது. நல்ல தலைமையுள்ள பிரிவுகளிலேதான் பிழைகள் மிகுதியாகப் பதியப்பட்டிருந்தன. அங்குள்ளோர் பிழையை அஞ்சாது வெளியே சொன்னார்கள். மற்றைய பிரிவுகளில் அச்சம் வாயைக் கட்டியது என்பதே அவர் கண்ட விளக்கம்.

இவ்வுண்மையின் பாரத்தை வன்னியிலுள்ள நாம் எளிதில் உணரலாம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் வடபகுதியிற் பணி தொடங்கின. போரிலே கணவரை இழந்த பெண்கள் பலரும் அக்குழுக்களிற் சேர்ந்து உழைத்தனர். ஒருவர் துப்புரவாக்கிய நிலத்தைப் பிறர் மீண்டும் சோதிப்பது அத்தொழிலின் முறை. "இவ்விடத்தில் எனக்கு ஐயம் உண்டு" என்று சொல்ல ஒருவர் அஞ்சி வாளாவிருந்தால், அதற்கு விலை கொடுப்பவர் நாளை அந்நிலத்தில் மண்வெட்டி போடும் கமக்காரரே.

ஆதலின், குழுவொன்றைச் சோதிக்க மூன்று கேள்விகளைக் கேட்போம். பிழை நேர்ந்தால் தலைவருக்கு அது முதலில் தெரிகின்றதா, கடைசியில் தெரிகின்றதா? கூட்டத்தில் வயதிற் குறைந்தவர் வாய் திறக்கின்றாரா? கெட்ட செய்தி கொணர்ந்தவருக்கு நன்றி கிடைக்கின்றதா, ஏச்சுக் கிடைக்கின்றதா?

குறை கண்டால் பரிகாரமும் உண்டு. தலைவர் தம் கருத்தைக் கடைசியிற் சொல்லட்டும். இளையவரை முதலிற் பேச விடட்டும். சென்ற கூட்டத்தில் சொல்லப்பட்ட குறை தீர்ந்ததா என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் விடயமாக்கட்டும். வேண்டுமென்றே விதியை மீறியவரைக் கண்டிப்பது அவசியமே. தவறிப் பிழைவிட்டு, அதைத் தாமே வந்து சொன்னவரை அவருடன் ஒரே தட்டில் வைத்தல் தகாது.

நாளை உத்தியோகம் பார்க்கப் போகும் இளைஞர் நாம். கீழிருக்கும்போது பேசும் துணிவையும் மேலிருக்கும்போது கேட்கும் பொறுமையையும் நம் சங்கத்தின் செயற்குழுவிலேயே இன்று பழகத் தொடங்குவோமாக.