பூனையின் வயிற்றில் மயிர்த்திரள்



ஹந்தானை மலையின் தோட்ட லயங்களில் அரிசியையும் மாவையும் எலியினின்று காப்பது பூனையே. அது பதுங்கிக் குமட்டி, விரல் போன்று நீண்ட மயிர்த்திரளைக் கக்கக் கண்டு, நஞ்சுண்டதோ என அஞ்சுவோர் உளர். பூனையின் நாவில் தொண்டைப் பக்கம் வளைந்த நுண்முட்கள் உண்டு. அவற்றிற் சிக்கும் மயிரைத் துப்ப இயலாது விழுங்கிவிடுகிறது. பெரும்பகுதி மலத்துடன் கழியும். எஞ்சியது இரைப்பையில் திரளும்.

முதல் மருந்து சீப்பே. நாள்தோறும் வாரி எடுத்த மயிர் வயிற்றினுட் செல்லாதன்றோ? குடிநீர் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும். உப்பின்றி அவித்து மசித்த பூசணிக்காயில் ஒரு தேக்கரண்டி உணவுடன் கலந்து கொடுக்கலாம்.

புல்லைப் பூனை தானே நாடும். ஆயினும் களைநாசினி தெளித்த தேயிலை நிரைகளில் அதனைத் தின்னவிடலாகாது. ஒரு சட்டியில் நெல்லை முளைக்கவிட்டு வாசலில் வையுங்கள். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயருண்டு. அதன் வேரிற் பூனை மயங்கிப் புரளும். அதனாலேயே அது மருந்தெனக் கொண்டு சாற்றைப் புகட்டுதல் தகாது. வாயைப் பிளந்து தேங்காயெண்ணெய் ஊற்றும் வழக்கமும் தீது. மூச்சுக்குழலிற் புகுந்த எண்ணெய் நுரையீரலைக் கெடுக்கும்.

பன்முறை குமட்டியும் ஒன்றும் வெளிவராது, இரையை மறுத்து, மலமும் கழியாதிருப்பின், திரள் குடலை அடைத்திருக்கக்கூடும். கழுத்தை நீட்டி இருமுவதோ ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். இவற்றிற்குக் கைமருந்து இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை அண்மையிலேயே உள்ளது. அன்றைக்கே கொண்டு செல்லுங்கள்.