மணலில் கிடந்த விமானம்



ஒரு நாள் ஆறாம் ஆண்டு வகுப்பில் பழைய போர் விமானம் ஒன்றின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தோம். நாற்பது ஆண்டுகள் கடற்கரை மணலில் புதைந்து கிடந்து, பிறகு செப்பனிடப்பட்டு மீண்டும் வானில் பறந்த விமானம் இது என்று சொன்னோம். கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்து, “எல்லாத்தையும் புதுசா மாத்திட்டா, அது எப்படி சார் அதே விமானம்?” என்று கேட்டான். நமக்கு உடனே பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தோம். ஆசிரியர்களாகிய நமக்கு அது கைவந்த கலை அல்லவா?

அந்த விமானத்தின் கதையை முதலில் பார்ப்போம். அது ‘ஸ்பிட்ஃபயர்’ என்னும் பிரிட்டிஷ் போர் விமானம். அதன் எண் பி 9374. 1940ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், பிரான்சு நாட்டின் கலே நகருக்கு அருகே, குண்டடிபட்ட அந்த விமானத்தை அதன் விமானி பீட்டர் காசனோவ் கடற்கரை மணலிலேயே இறக்கினார். அவர் உயிர் தப்பினார். ஆனால் பின்னர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். விமானத்தை அலையும் மணலும் மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டன. 1980ஆம் ஆண்டில் நீரோட்டம் மணலை அரித்தபோது அது வெளியே தெரிந்தது. பல கைகள் மாறி, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமானத்தளத்தில் உள்ள பட்டறை ஒன்றுக்கு வந்து சேர்ந்து, 2011ஆம் ஆண்டு மீண்டும் பறந்தது. 2015இல் ஏலத்தில் முப்பது லட்சம் பவுனுக்கும் மேலான விலைக்குப் போனது. கிடைத்த பணம் அறப்பணிகளுக்கு வழங்கப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் உப்புநீரில் ஊறிய உலோகம் என்ன கதியாகும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். விமானத்தின் தோல் அலுமினியக் கலவைத் தகடு. உப்பு அதைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். அப்படியிருக்க, செப்பனிடுவோர் பழைய துண்டைக் குப்பையில் வீசுவதில்லை. அதுதான் அவர்களுக்கு அளவுகோல். பழைய துண்டைப் பார்த்து, எஞ்சியிருக்கும் வரைபடத்தோடு ஒப்பிட்டு, புதிய தகட்டை வெட்டுகிறார்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்ட வடிவானது. ஆகையால் இறக்கைக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. இறக்கையைத் தாங்கும் முதன்மைத் தண்டோ, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. உடலோடு சேரும் இடத்தில் ஐந்து குழாய்கள். நுனியை நோக்கிப் போகப் போக எண்ணிக்கை குறையும். பாரம் அதிகமான இடத்தில் பலம் அதிகம். தகடுகளைப் பிணைக்கும் தறையாணிகளை அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து அடிக்க, மற்றவர் உட்பக்கத்தில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் கை சற்று நழுவினாலும் அந்த ஆணியைத் துளைத்தெடுத்து மறுபடியும் அடிக்க வேண்டியதுதான். இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆணிகள்.

சரி, மாணவனின் கேள்விக்கு வருவோம். நம் தோட்டத்தில் ஒரு பெரியவர் வைத்திருந்த மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொண்டோம். எஞ்சின் மாறியது, சக்கரம் மாறியது, இருக்கை எத்தனையோ முறை மாறியது. பதிவு எண் மட்டும் மாறவில்லை. அவருக்கு அது எப்போதும் பழைய வண்டிதான். விமானத்திலும் தயாரிப்பு எண் பொறித்த தகடும், அதன் ஆவணங்களும், முடிந்த மட்டும் காப்பாற்றிய பழைய பாகங்களும்தான் ‘இது அதுதான்’ என்று சொல்ல உதவுகின்றன. சில விமானங்களில் பழைய உலோகம் மிகச் சொற்பமே மிஞ்சுகிறது. அவற்றை அந்தப் பழைய விமானத்தின் பெயரால் அழைப்பதில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. கற்றவர்களிடையேயும் இதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஸ்பிட்ஃபயர் நமக்கு அந்நியமான விமானம் அன்று. அவசரகாலத்தின்போது சிங்கப்பூரின் செலேத்தார் தளத்திலிருந்து இவை நம் காடுகளின் மேல் பறந்தன. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகச் செய்த போர்க்காலப் பணி அங்கிருந்துதான் நடந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், பி.எஸ். 888 என்ற எண்ணுடைய விமானம் ஜொகூர்க் காட்டைப் படம்பிடித்துவிட்டுத் திரும்பியது. ‘இதுவே கடைசி’ என்னும் பொருளில் அதன் முகப்பில் எழுதி வைத்தார்கள். அதே தளத்தில் இருந்த பி.எஸ். 890 தாய்லாந்துக்குப் போய், அங்கிருந்து 1960களில் அமெரிக்காவின் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அன்பளிப்பாகச் சென்று, செப்பனிடப்பட்டு 2002இல் மீண்டும் பறந்தது.

இனி, இத்தகைய விமானங்களைக் கணினியில் பறக்கவைக்கும் பாவனைக் கருவியைப் பற்றிப் பார்ப்போம். சிமுலேட்டர் என்பார்கள். இது கணினியோடு பிறந்ததன்று. 1920களின் இறுதியில் அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் பயன்பட்ட காற்றுத் துருத்திகளைக் கொண்டே, சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு சிறு பெட்டி விமானத்தைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் அதில் பயிற்சி பெற்றார்கள். இன்றோ வீட்டுக் கணினியிலேயே ஒரு சிறுவன் ஸ்பிட்ஃபயரை ஓட்டலாம்.

வெறும் விளையாட்டுத்தானே என்று நாம் நினைத்ததுண்டு. ஒரு சிறு செய்தி அந்த எண்ணத்தை மாற்றியது. தொடக்கக் கால ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இயந்திரத்தில் மிதவை வைத்த கார்புரேட்டர் இருந்தது. விமானி மூக்கைத் திடீரென்று கீழே தள்ளினால், எரிபொருள் கிண்ணத்தின் மேற்பக்கத்துக்கு எழும்பி, இயந்திரம் திணறிவிடும். எதிரியின் மெஸ்ஸர்ஸ்மிட் விமானத்தில் எரிபொருளை நேரே பீச்சும் முறை இருந்ததால் அதற்கு இந்தக் குறை இல்லை. அது கீழே பாய்ந்து தப்பிவிடும். 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோகத் துண்டைப் பொருத்தி இக்குறையைப் பெரிதும் தணித்தார். நல்ல சிமுலேட்டரில் பழைய ஸ்பிட்ஃபயரின் மூக்கைத் தள்ளினால், அங்கேயும் இயந்திரம் திணறுகிறது! செய்தவர்கள் போர்க்காலச் சோதனை அறிக்கைகளையும், விமானிகளின் கையேடுகளையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். உண்மையான பழைய விமானத்தை இன்று யாரும் அப்படி வதைத்துப் பார்க்கத் துணிய மாட்டார்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள பொருள் அல்லவா? ஆகவே அதை மென்மையாகத்தான் பறக்கவிடுகிறார்கள். அதன் முரட்டுக் குணத்தைச் சிமுலேட்டரில்தான் காணலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு, நேயர்களே. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபோது மலாயாவைக் காக்க இருந்தவை ஸ்பிட்ஃபயர்கள் அல்ல. ‘புரூஸ்டர் பஃபலோ’ என்னும் குட்டையான அமெரிக்க விமானங்கள். சுங்கை பட்டாணி, ஈப்போ, காலாங் தளங்களிலிருந்து அவை பறந்தன. இளம் விமானிகள் பலர் மாண்டார்கள். அந்த விமானங்களில் ஒன்றுகூட முழுதாக இன்று மிஞ்சவில்லை. முழு உருவில் எஞ்சியிருக்கும் புரூஸ்டர், ஃபின்லாந்து விமானப்படையின் பி.டபிள்யூ. 372. அது 1942 ஜூன் 25இல் ஓர் ஏரியில் விழுந்து, 1998இல் ரஷ்ய மண்ணிலிருந்து மீட்கப்பட்டு, இன்று ஃபின்லாந்தின் டிக்காகோஸ்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை யாரும் புதுப்பிக்கவில்லை. ஏரியிலிருந்து எடுத்த கோலத்திலேயே, உரிந்த வண்ணத்தோடு வைத்திருக்கிறார்கள். பறக்கவைத்திருந்தால் அந்த வண்ணமும் வடுக்களும் போயிருக்கும். அவர்கள் செய்தது சரி என்றே நமக்குப் படுகிறது.

பழைய சிமுலேட்டர் ஒன்றில் இந்த ஃபின்லாந்து புரூஸ்டரை ஓட்டலாம். நம் மாணவன் அண்ணனின் கணினியில் அதை ஓட்டிவிட்டு வந்து, “நல்லாத்தானே சார் பறக்குது! நம்ம ஆளுங்க ஏன் தோத்தாங்க?” என்றான். அங்கேதான் தவறு நேர்கிறது. ஃபின்லாந்து வாங்கியது இலகுவான வகை. அதை வைத்து அவர்கள் சோவியத் விமானங்களைத் திறமையாக எதிர்த்தார்கள். மலாயாவுக்கு வந்தது பல நூறு கிலோ கூடுதல் எடையுள்ளது. உயரே போனால் எரிபொருள் அழுத்தம் குறைந்து இயந்திரம் தடுமாறும். எதிரே வந்தவையோ எளிதில் திரும்பக்கூடிய ஜப்பானிய விமானங்கள். பெயர் ஒன்று என்பதால் விமானமும் ஒன்று என்று எண்ணிவிட முடியாது.

இதை விளக்கிவிட்டு, எரிபொருள் தொட்டியை முழுக்க நிரப்பிக்கொண்டு ஓட்டிப் பார் என்று அனுப்பினோம். மறுநாள் காலை, சபைகூடல் முடிவதற்குள் ஓடி வந்தான்.

“மேலே ஏறவே மாட்டேங்குது சார்!”